மளை வருது

பாடகருக்கு ழகரம் வராது. இது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பாட்டெழுதுகிறவர்கள் இருபது வருடமாக மழையைத் தூறலாக்கி, அழகை வடிவாக்கி, அந்த எழுத்து அவர் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதரிடம் போய் யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது?

குழந்தைகள் கோரஸோடு கலகலப்பாகக் குடும்பப் பாட்டு ஆல்பம் ஒன்று போடலாம் என்று முடிவானபோது, எட்டுப் பாட்டையும் எழுதியது அவர் மனைவி. அவளும் கவனமாகத்தான் எழுதினாள். கடைசிப் பாட்டில் மட்டும் "மழை வருது, மழை வருது, வீடு முழுக்க ஆட்டம்" என்று ஒரு வரி தானாக வந்து விழுந்துவிட்டது. அடிக்க மனமில்லாமல் அதைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஒலிப்பதிவு அன்று பாடகருக்கு அந்த வரிதான் பிடித்துப்போனது. தான் எடுத்துக்கொடுப்பதாகவும், பிள்ளைகள் வாங்கிப் பாடட்டும் என்றும் சொல்லிவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். மனைவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சவுண்ட் இன்ஜினியர் அருகில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

கோரஸ் டீச்சர் பன்னிரண்டு பிள்ளைகளையும் நன்றாகத் தயார் செய்திருந்தாள். சார் எப்படிப் பாடுகிறாரோ அச்சு அசலாக அப்படியே பாட வேண்டும் என்பது அவள் கட்டளை. பாடினார்கள். "மளை வருது, மளை வருது, வீடு முளுக்க ஆட்டம்." முன்பல் விழுந்த சின்னவள்கூடப் பிசகவில்லை.

பாடகர் மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் மளைதான். ஹெட்போனைக் கழற்றினார்.

"என்ன டீச்சர், இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கற தமிளா?"

இன்ஜினியர் குனிந்து, இல்லாத ஒயரைத் தேடினார். வேறு பிள்ளைகளை வரவழைத்துக்கொள்ளலாம் என்று பாடகர் சொல்ல, டீச்சரின் முகம் சுண்டிப்போனது. சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். அதற்கு மேல் மனைவிக்குத் தாங்கவில்லை. புருஷன் மானத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையை அழவிடுவதா? மைக் பொத்தானை அழுத்தினாள்.

"பிள்ளைங்க மேல தப்பில்லைங்க. நீங்க சொன்னதைத்தான் சொல்லுதுங்க."

இன்ஜினியர் அவர் பாடியதைப் போட்டுக் காட்டினார். பாட்டில் அந்த எழுத்தைத் தன் குரலில் அவர் கேட்டதே இல்லை. இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"முதமுதல்ல என் பேரைக் கூப்பிட்டப்பவே தெரியும். அதுலயும் அந்த எழுத்துதானே இருக்கு. ஆனா நீங்க கூப்பிட்ட மாதிரி யாரும் கூப்பிட்டதில்லை. பிடிச்சுப்போச்சு, விட்டுட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்து, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினார்கள். ஒரு மணி நேரம் ஸ்டுடியோவில் ழ, ழ என்று ஒரே அமர்க்களம். சின்னவள் அவருக்கு மூன்று முறை ஃபெயில் போட்டாள். கடைசியில் மழை சரியாகவே வந்தது.

எல்லாம் முடிந்து மனைவி பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். பின்னாலிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள், நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. நம்மை இல்லை என்று படியிறங்கப் போனாள்.

அப்புறம் ளகரத்தோடு அந்தப் பழைய பெயர் வந்தது.

"இதோங்க" என்று திரும்பினாள்.