இரண்டு பக்கமும் சுற்றுகிற மோட்டார்

வாடகை நாற்காலிகளை வாசலில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மகன், பாதியில் அதில் ஒன்றிலேயே உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்தான். காலையிலிருந்து டாக்டர், வண்டி, போன் என்று ஓடியாடிக்கொண்டிருந்தவன். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள்.

"ஒரே ஒரு மோட்டார்மா. எத்தனை தடவை கேட்டார்! இந்த மாசம், அடுத்த மாசம்னு இழுத்தடிச்சேன். அந்த ஆசையோடயே போய்ட்டாரே."

அந்த மோட்டார் கதை ஊருக்கே தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கட்டையைச் சுழலவிட்டுக் கிண்ணம் கடைகிற லேத்து ஒன்று வைத்திருந்தார். அதன் மோட்டார் எரிந்துபோனதிலிருந்து வேறு பேச்சே இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். கடையும்போது ஒரு பக்கம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எதிர்ப்பக்கம், அப்போதுதான் பிசிறு அடங்குமாம். மீட்டர் பார்க்க வந்த ஆளைக்கூட விடாமல் விசாரிப்பார். கிடைத்ததையெல்லாம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் தட்டிக்கழிப்பார். ஒன்று சூடாகிறது, ஒன்று இரைகிறது, ஒன்றுக்கு மெதுவாக ஓடும்போது இழுவை இல்லை. வாராவாரம் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார்.

அந்தக் கடைக்காரரும் வந்தார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே அவளிடம் வந்து தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார். மகன் அப்போது வண்டி வருகிறதா என்று பார்க்கத் தெருமுனைக்குப் போயிருந்தான்.

"அந்த மோட்டாரை மட்டும் நீங்க தேடிக் குடுத்திருக்கலாம்," என்றாள். குரலில் கசப்பை மறைக்க முடியவில்லை.

அவர் விழித்தார். "குடுத்துட்டேனேம்மா. போன வருஷமே. முன்னாடியும் ஓடும், பின்னாடியும் ஓடும், வேகமும் நம்ம இஷ்டம். கடையிலயே ஓட்டிக் காமிச்சேன். சின்னப் பையன் மாதிரி சிரிச்சார்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்தார்?"

"சும்மாதான். வந்து உக்காருவார். டீ வாங்கிக் குடுத்தா ஸ்டூல் மேலயே வெச்சுக் குனிஞ்சு குடிப்பார். கை அவ்வளவு ஆடும். வீட்டுல தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தார்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெரியாமலா இருந்தது? டம்ளரில் பாதி மட்டும் ஊற்றத் தொடங்கியவளே அவள்தான். ஏன் பாதி என்று ஒருநாள் கேட்டதற்கு, சர்க்கரை கூடிடும் என்று மழுப்பினாள். பித்தான் வைத்த சட்டைகளை மெல்ல மெல்ல ஒழித்துக்கட்டினாள். அந்தக் கையால் உளியைப் பிடித்துச் சுழலும் கட்டைமேல் வைக்க முடியாது. மோட்டார் கிடைக்காதவரை அவர் தொழில்காரர். கிடைத்துவிட்டால் கை நடுங்குகிற கிழவர், அவ்வளவுதான். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கோபமாக வந்தது. அவள் மட்டும் என்ன சொல்லிக் கிழித்துவிட்டாள்?

கடைக்காரர் போய்விட்டார். மகன் திரும்பி வந்தான், கண் இன்னும் சிவந்திருந்தது. அவன் இதைச் சாகும்வரை சுமப்பான் என்று அவளுக்குத் தெரியும். இறக்கி வைக்க வேண்டுமென்றால் அவர் மறைத்ததை உடைக்க வேண்டும். அதுவும் அவர் இன்னும் கூடத்தில் கிடக்கும்போதே.

"வா," என்று அவனை ஷெட்டுக்கு அழைத்துப் போனாள். குனிந்து தேடினாள். மேசைக்கடியில், மூலையோடு மூலையாக, சாக்கு போர்த்தி வைத்திருந்தார்.

"கிடைச்சுதுடா. போன வருஷமே கிடைச்சுது. ஏதாவது செஞ்சு முடிச்சுட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தார்."

அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஓட்டினாரா?"

"ஓட்டாம? ரெண்டு பக்கமும் ஓட்டினார். சத்தமே இல்ல."

அவன் அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் வேணும்னேதாம்மா இழுத்தடிச்சேன். அவர் கை ஆடறதைப் பார்த்தேன். எங்கயாவது விரலைக் குடுத்துடுவாரோன்னு பயம். கேக்கறப்பல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி…"

இவனும் பார்த்திருக்கிறான்.

பேசிக்கொண்டே அவன் மோட்டாரை வெளியே இழுத்தான். சாக்கு சரிந்தது. அதோடு கொடுத்திருந்த புது வயர், கடையில் கட்டிய சணல் முடிச்சோடு அப்படியே சுருண்டிருந்தது. முனையில் ரப்பர்கூடச் சீவப்படவில்லை.

அவன் அந்த முனையை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். வாசலில் யாரோ, வண்டி வந்தாச்சு என்று குரல் கொடுத்தார்கள்.

அவன் வயரை மெதுவாகக் கீழே வைத்தான். மோட்டாரின் தண்டை விரலால் ஒரு பக்கம் சுற்றிவிட்டான். அது நின்றதும், மறுபக்கம்.

"ஆமாம்மா," என்றான் நிமிராமல். "சத்தமே இல்ல."