கீழூரார் வெட்டாத கம்பம்

2022 ஏப்ரல் 30, சனிக்கிழமை, செக் நாட்டின் ஓர்லிட்ஸ்கே மலையில் உள்ள மேல் யாலோவெட்ஸ் கிராமத்தில் மே மாதக் கம்பம் நடப்பட்டது. அதை வெட்ட யாரும் வரவில்லை.

நெடிய ஊசியிலை மரத்தின் பட்டையை உரித்து, நுனிக் கொத்தில் வண்ண ரிப்பன்கள் கட்டி நடுவது வழக்கம். மூன்று இரவுகளுக்குள் பக்கத்து ஊரான கீழ் யாலோவெட்ஸ்காரர்கள் வந்து அறுத்துச் சாய்க்கப் பார்ப்பதும், நாங்கள் காவல் இருந்து விரட்டுவதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்தவையே. சாய்த்துவிட்டால் நுனிக் கொத்தை மீட்க ஒரு பீப்பாய் பீர் கொடுக்க வேண்டும்.

ஊரைக் கட்டியவர்கள் கண்ணாடி ஊதிய ஜெர்மானியர்கள். போர் முடிந்ததும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1946இல் எங்கள் பெற்றோர் உக்ரைனின் வொலீனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்து, அடுப்புச் சாம்பல்கூட அள்ளப்படாத வீடுகளில் குடியேறினார்கள். அடுத்த மே மாதமே கம்பம் நட்டார்கள். கீழ் யாலோவெட்ஸ்காரர்கள் அன்றைக்கே வெட்டினார்கள். 1974இல் அரசு இரண்டு ஊரையும் ஒன்றாக்கியது. அப்போதும் வெட்டினார்கள், சட்டப்படி பார்த்தால் தங்கள் கம்பத்தையே வெட்டிக்கொண்டார்கள். 1990இல் வாக்களித்துப் பிரிந்தோம். இப்போது எங்களிடம் ஒரு தேவாலயம், ஒரு பேருந்து நிறுத்தம், வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும் ஒரு மதுக்கடை, முப்பத்தொரு பேர்.

மறுபடி சேர்ந்துவிட வேண்டும் என்றார் ஊராட்சித் தலைவர் போஹுமிலா. காரணம் அவருடைய கணவர் ஹினெக். ஜனவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது எங்கள் பனி தள்ளும் டிராக்டர் பழுதாகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. குழந்தைகளின் சறுக்குவண்டியில் அவரைக் கட்டி இழுத்துப் போனோம். பிழைத்தார். கீழூரில் பனி தள்ள இரண்டு புது வண்டிகள் உண்டு. இணைந்தால் எங்கள் சாலையும் அவர்கள் பொறுப்பு. ஜூன் மாதம் வாக்கெடுப்பு. ஏப்ரல் வரை ஊரில் பெரும்பாலோர் சரி என்றே சொல்லியிருந்தார்கள்.

மே முதல் தேதி காலை, தீயணைப்புக் குழுவின் தலைவர் லூபோர் சிவந்த கண்களோடு போஹுமிலா வீட்டுக்கு வந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. குழுவில் அவர்தான் இளையவர்.

"ஒருத்தனும் வரல, தலைவரம்மா."

"நல்லதுதானே. கம்பம் நிக்குதுல்ல?"

"வெட்ட வந்து, நாம விரட்டி, அப்புறம் நின்னா அது கம்பம். இது சும்மா நட்டுவெச்ச கரண்டு போஸ்ட்டு."

உள்ளறையிலிருந்து ஹினெக்கின் குரல் வந்தது. "இவனுங்களோடவா சேரச் சொல்ற?"

"நீ வாயை மூடு. உன் ஒருத்தனுக்காகத்தான் இந்தப் பாடு" என்றார் போஹுமிலா.

அன்று பகலிலேயே காரில் இறங்கிப் போனார். கீழூரின் தலைவர் ராடோவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உங்க பசங்களுக்கு ரம்பம் கிடைக்கலையா?"

"நான்தான் வேணாம்னேன்க்கா. உங்க ஆளுங்க பூரா வயசானவங்க. இருட்டுல துரத்தறேன்னு விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"இதை வெளிய சொல்லித் தொலைக்காதே. எங்க ஊர்ல ஒரு ஓட்டு விழாது. இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு. மரியாதையா வந்து வெட்டிட்டுப் போங்க."

"வெட்டியே ஆகணுமா?"

"ஆகணும். போறப்ப நாலு வார்த்தை திட்டிட்டும் போங்க."

"என்னன்னுக்கா திட்டறது?"

"ஆட்டு மந்தைன்னு. உங்கப்பா அப்படித்தான் திட்டுவாரு."

ராடோவன் அவர் சொல்லைத் தட்டவில்லை. அன்றிரவே நான்கு இளைஞர்கள் ரம்பத்தோடு வந்தார்கள். கம்பத்தடியில் பெஞ்சில் லூபோரும் இன்னும் இருவரும் பிளம் சாராயம் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உறைபனி இறங்கியிருந்தது. அறுத்தால் கம்பம் பெஞ்சின் மேல் விழும் என்று ஒருவன் சொன்னான். எழுப்பலாம் என்று இன்னொருவன் சொன்னான். பாவம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். கடைசியில் வண்டியிலிருந்து மூன்று கம்பளிகளை எடுத்துவந்து மூவருக்கும் போர்த்திவிட்டார்கள். திட்டச் சொல்லியிருந்ததால் திட்டவும் செய்தார்கள். தூக்கம் கலையக் கூடாதென்று மெதுவான குரலில் திட்டினார்கள். இதெல்லாம் பிற்பாடு அவர்களே சொன்னது.

காலையில் லூபோர் கம்பளிகளை மடித்து எடுத்துவந்து போஹுமிலாவின் சமையலறை மேசையில் வைத்தார். மூன்றிலும் கீழூர் தீயணைப்புக் குழுவின் முத்திரை இருந்தது.

"போர்த்திவிட்டுப் போயிருக்கானுங்க."

"குளிருதேன்னு செஞ்சிருப்பாங்க, லூபோர்."

"எங்கப்பா காலத்துல மண்டையை உடைச்சானுங்க. அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. இப்ப போர்த்தறானுங்க, பொணத்தைப் போர்த்தற மாதிரி."

"துவைச்சு, நன்றி சொல்லி அனுப்பிடலாம்."

"நன்றியா?" என்று கத்தினார் ஹினெக். மருத்துவர் அவரைக் கத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. மதுக்கடை திங்கட்கிழமை திறந்தது. மூன்றாம் இரவு ஊரே காவல் இருந்தது, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மையார் உட்பட. யாரும் வரவில்லை.

ஜூன் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்கு ஆதரவாக மூன்று வாக்குகள், எதிராக இருபத்தைந்து. தான் எதிர்த்து வாக்களித்ததாக ஹினெக் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். "தெரியும், சூப்பைக் குடி" என்றார் போஹுமிலா.

செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு தலைவர் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வராததால் போஹுமிலாவே மீண்டும் தலைவரானார். நவம்பரில் அவர் கீழ் யாலோவெட்ஸில், மருத்துவர் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். அவரும் ஹினெக்கும் மார்ச் கடைசிவரை அங்கே இருந்தார்கள். மேல் யாலோவெட்ஸின் ஊராட்சிக் கூட்டங்கள் அதுவரை தொலைபேசியில் நடந்தன.