முதுகுக் கோடு

விலங்குக் காப்பகத்தில் அந்தக் கூண்டைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். முன்பக்கம் பிளாஸ்டிக் முக்காலியில் பராமரிப்பாளர் துயென், மடியில் பதிவேட்டோடு. வாசலோரம் மேற்பார்வையாளர் பாக், இருந்த ஒரே நாற்காலியில். வலைக்கூரைமீது சாய்த்த ஏணியின் ஐந்தாம் படியில் சருகு கூட்டும் லுவா. உள்ளே, கீரி போன்ற, ஆனால் அதைவிடச் சன்னமான வீசல் என்ற விலங்கு ஒரு கணம் நிற்காமல் மூங்கில் குழாய்க்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அது வந்த அன்று பின்னங்காலில் நிமிர்ந்தது. நெஞ்சில் மஞ்சளைக் கண்ட துயென், ‘மஞ்சள்வயிற்று வீசல், பெண்’ என்று பலகை எழுதிவிட்டாள். அதை நம்பித்தான் சமவெளி விலங்குக் காட்சிச்சாலை தன் மஞ்சள்வயிற்று ஆணுக்கு இதைத் துணையாகக் கேட்டிருந்தது. இதை ஏற்றிப்போக நாளை மறுநாள் அங்கிருந்து லாரி புறப்படும். இனம் வேறானால், ஒரே கூண்டில் கடித்துக்கொண்டு இரண்டில் ஒன்று செத்துப்போகும்.

"முதுகுல சாக்பீஸால இழுத்தாப்ல கோடு இருக்குன்னு ஒரு வாரமா கத்துறேன்," என்றாள் லுவா.

"சருகு கூட்டுறவங்களும் ஆராய்ச்சிக்காரங்க ஆயிட்டாங்க," என்றார் பாக்.

"நாற்காலில உக்காந்தா மூஞ்சி மட்டுந்தான் தெரியும் அண்ணே. ஏறிப் பாருங்க."

துயெனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எறங்குங்கக்கா," என்று தானே ஏறினாள். கீழே வந்த லுவா கோழித்துண்டை உள்ளே போட, வீசல் பாய்ந்தது. பிடரியிலிருந்து வால்வரை வெளிறிய கோடு. அடுத்த துண்டை லுவா உயரத் தூக்கிக் காட்டினாள். அது நிமிர்ந்தது.

"வயிறு பூரா மஞ்சளாக்கா?" என்று மேலிருந்து கேட்டாள் துயென்.

"இல்லடி. நடுவுல நாடா மாதிரி. ரெண்டு பக்கமும் பழுப்பு."

முதுகுக்கோட்டு வீசல். இனிச் சந்தேகமில்லை.

"போன்ல சொல்லிரலாமா சித்தப்பா?" என்று பாக்கிடம் கேட்டாள் துயென்.

"முத்திரை வச்ச காகிதம் இல்லாம லாரிய நிறுத்த மாட்டானுங்க. காகிதம்னா தப்பு யாரோடதுன்னு எழுதணும்." பாக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னோட வேலைய நிரந்தரமாக்குற உத்தரவு மேலிடத்து மேசையில கெடக்கு. பத்து நாள் பொறுக்கக் கூடாதா?"

"லாரி பொறுக்குமா?"

பாக் எழுந்து போய் அலுவலகக் கதவைத் திறந்துவிட்டார்.

அலுவலக மேசையில் துயென் கோடு, நாடா, நிறம் என்று வரிசையாக எழுதினாள். ‘இனத்தைத் தவறாகக் குறித்தது நான்’ என்ற வரிக்கு முன் பேனா சற்று நின்றது. பிறகு எழுதிக் கையெழுத்திட்டாள். பாக் இரண்டு முறை படித்தார். உச்சுக்கொட்டியபடி சிவப்பு முத்திரையை அழுத்தினார்.

பசை காய்ந்துபோயிருந்தது. துயென் லுவாவின் மதியப் பொட்டலத்திலிருந்து ஒட்டரிசிச் சோற்றை நசுக்கி உறையை ஒட்டி, சமவெளிக்குப் போகும் நாலு மணிப் பஸ் நடத்துநர் கையில் கொடுத்தனுப்பினாள்.