நாற்பத்தாறின் இரண்டாவது கோடு

மற்ற கோழிகள் நாற்பத்தாறாம் எண் கோழியைக் கொத்திக் கொத்தி முதுகை மொட்டையாக்கிவிட்டன. அதனால் அது நாலு நாளாகத் தனிக்கூண்டில் இருந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் டெக்னீஷியனுக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கணவர் போய் மூன்று வருஷமாகத் தனியாக இருப்பவள். காரணம் கண்டுபிடிக்க நமக்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

அவள் வேலை, கோழி ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது. நோயை எதிர்க்கும் மரபணுக்களுக்கு நடுவே ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதன் நீளம் வகைக்கு வகை மாறும். அதைப் பல மடங்காகப் பெருக்கி, ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் நீளத்துக்குத் தக்க இடத்தில் கோடு விழும், தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று. கோட்டை வைத்துக் கோழியின் எதிர்ப்பு வகையைச் சொல்லிவிடலாம். நாற்பத்தாறின் ஒரு கோடு தெரிந்த வகைகளின் பட்டியலில் இருந்தது. இன்னொன்று எந்தக் கோழிக்கும் இல்லாத இடத்தில் நின்றது.

"மூணு தரம் ஓட்டிட்டேன் டாக்டர். மூணு தரமும் அதே இடம்தான்."

ஆய்வகத் தலைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே கோழிய வச்சு புது வகைன்னு எழுத முடியாதுக்கா. இன்னொண்ணுல வரணும். இல்லேன்னா பிழைன்னுதான் போடணும்."

யாருடைய பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் குத்தியது. மனிதர்களின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்த புதிதில், பழக்க தோஷத்தில் அவள் ஊசி நிறைய ரத்தம் எடுத்துவிட்டாள். மனிதருக்கு இல்லாவிட்டாலும் கோழிக்குச் சிவப்பணுவிலேயே மரபணு உண்டு, ஒரு சொட்டே தாராளம். அன்று ஜெல் முழுக்க மையைக் கொட்டி இழுத்ததுபோல் ஆனது. ஐந்து வருஷமாகியும் டீ வேளையில் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

உறவைத் தேடலாமென்றால் நாற்பத்தாறு பல இடத்துக் கோழிகளோடு கலந்து வாங்கிய கோழி, தாய் தகப்பன் தெரியாது. அடுத்த மாதக் கடைசியில் பட்டியலில் இடமில்லாதவற்றைக் கழித்துவிடுவார்கள். கழிப்பது என்றால் என்னவென்று கூண்டில் இருப்பவற்றுக்குத் தெரியாதது நல்லதுதான்.

முட்டை ஒன்றுதான் வழி. கூட்டத்துச் சேவலைப் பிரிந்தாலும் பத்து நாள் வரை கோழி கருவுள்ள முட்டை இடும். ஆறு முட்டைகளைப் பொரிப்பானில் வைத்தாள். ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஐந்து வெறுமை. ஒன்றில் மட்டும் நரம்பு ஓடியிருந்தது. அந்த ஒரு குஞ்சுக்கும் அந்தக் கோடு வர பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

இருபத்தோராம் நாள் ஓடு உடைந்தது. குஞ்சைத் தொடாமல் ஓட்டின் உள்சவ்விலிருந்தே மாதிரி எடுத்தாள். ஜெல்லை விளக்கில் வைத்தாள். குஞ்சுக்கு இரண்டு கோடுகள். ஒன்று சேவலுடையது. மற்றது நாற்பத்தாறின் கோட்டுக்கு நேராக, மயிரிழை பிசகாமல் நின்றது.

"ரெண்டாச்சு, எழுதிடலாம். நாற்பத்தாற வச்சுக்குவோம்," என்றார் தலைவி. போகும்போது, "நல்லா பண்ணியிருக்கீங்கக்கா," என்றும் சொன்னார்.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஒரு கோழிக்கு மட்டும் இருந்த கோடு அதோட குஞ்சுக்கும் வந்திருச்சுடி. இதுவரைக்கும் யாருமே பார்க்காததா இருக்கலாம்."

"அப்படியா, நல்லது. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை.

ஜெல்லின் படத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பொரிப்பானில் பிறந்த குஞ்சைப் பெரிய கோழிகளிடம் கொண்டுபோகக் கூடாது, நோய் தொற்றும். அந்த விதியைக் கதவில் ஒட்டியவளே அவள்தான். தாயும் பிள்ளையும் ஒரே வளாகத்தில் இருந்தும் முகம் பார்க்கப் போவதில்லை.

படத்தைக் கம்பியருகே பிடித்தாள். "இந்தா பாரு, இது நீ. பக்கத்துல உன் பிள்ள."

கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. புழு என்று நினைத்ததோ என்னவோ, கோட்டைக் குறிபார்த்து ஒரு கொத்து. காகிதத்தில் ஓட்டை விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே நீ தனியில்ல," என்றாள்.

மூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. தீனித் தொட்டியை நிரப்பினாள், தண்ணீரை மாற்றினாள், பிறகும் அங்கேயே நின்றாள். வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை.