குவித்து அளந்த ஒரு டின்

1

இந்தக் கதை பிறந்தது இன்று காலை எட்டு மணிக்கு, என் நாக்கு நுனியில். இதைவிட நல்ல இடத்தில் பிறந்திருக்கலாம்.

என் பெயர் அம்பிகைபாகன். யாழ்ப்பாணத்துக்காரன். மலாயாவில், ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். இன்று ஞாயிறு.

முதல் தொடக்கம்: "1932ஆம் ஆண்டு, ரப்பர் விலை சரிந்து, தோட்ட மக்கள் கடைச் சவுக்காரம்கூட வாங்க வழியின்றி..."

அடித்துவிட்டேன். பழியை ரப்பர் விலைமேல் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

2

மறுபடியும் தொடங்குகிறேன். பால் ஸ்டோரில் அமிலம் கலந்து ரப்பர்ப்பாலை உறையவைப்பவன் தங்கராஜு. ஆறு வாரத்துக்கு முன் என்னிடம் வந்தான். மனைவி பேச்சியம்மாளுக்கு அப்போது நிறைமாதம்.

"ஐயா, பிள்ளை பொறந்து முப்பதாம் நாள் மொட்டை போட்டுக் குளிப்பாட்டணும். சவுக்காரம் நானே செஞ்சிடலாம்னு பாக்குறேன். உங்க இங்கிலீஷ் புஸ்தகத்துல இருக்காமே?"

இருந்தது. தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆறு பங்கு தேங்காய் எண்ணெய், ஒரு பங்கு காஸ்டிக் சோடா, இரண்டு பங்கு தண்ணீர். சோடாவைத் தண்ணீரில் தூவ வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். பால் வாளி வேண்டாம், துத்தநாகத்தை அரித்துவிடும். பழைய பீங்கான் ஜாடி போதும். [எவ்வளவு அக்கறை பாருங்கள். வாசிக்கும்போது எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.]

அமிலத்தோடு பழகியவன் அல்லவா? பேச்சியம்மாளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, திறந்தவெளியில் வைத்துக் கலக்கினான். கூழ் பதம் வந்ததும் காகிதம் விரித்த பெட்டியில் ஊற்றினான். மறுநாள் கட்டிகளாக வெட்டிக் காற்றாட அடுக்கினான். இத்தனை கவனமானவன் தவறு செய்வான் என்றால் யார் நம்புவார்கள்?

நம்ப வேண்டாம். தவறு அவனுடையது இல்லை.

3

இன்று காலை ஒரு கட்டியை வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தான்.

"முதல் கட்டி உங்களுக்குத்தாங்கய்யா. பால் டின்னுலதான் அளந்தேன். எண்ணெய் ஆறு டின்னு. சோடா ஒரு டின்னு, நல்லாக் குவிச்சு. பிள்ளைக்குச் செய்யுறதைத் தலைதட்டி அளக்கலாமா?"

தோட்டத்தில் அரிசியானாலும் உப்பானாலும் அளவு, கடையில் வாங்கும் கெட்டிப்பாலின் காலி டின்தான். நல்ல காரியத்துக்குத் தலைதட்டி அளப்பது கஞ்சத்தனம்.*

ஈர விரலால் கட்டியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சுரீர் என்றது. எண்ணெயோடு சேராத சோடா மிச்சம் இருக்கிறது.

"எப்படிங்கய்யா இருக்கு?"

"நல்லா வந்திருக்கு, தங்கராஜு."

"நீங்க எழுதிக் குடுத்தது தப்பாகுமா? பத்து மணிக்கு மொட்டை. அவசியம் வந்திடுங்கய்யா."

* புத்தகத்தில் "எடைப்படி" என்று இருந்தது. சோடா எண்ணெயைவிடக் கனம்; டின்னால் அளந்தால், அதுவும் குவித்தால், அளவுக்கு மிஞ்சிவிடும். நான் எழுதாமல் விட்ட ஒரே சொல் அதுதான்.

4

முடிவு ஒன்று: நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. [கோழைக்கு வாய்க்கும் முடிவு. கத்தி பட்ட பச்சைத் தலையில் அந்தச் சோடா...]

முடிவு இரண்டு: பேச்சியம்மாளே நாக்கில் வைத்துப் பார்த்துத் தூக்கி எறிகிறாள். [பிள்ளை பெற்று முப்பது நாள் ஆனவள்மேல் என் வேலையையும் சுமத்துகிறேன்.]

முடிவு மூன்று: நான் ஓடிப்போய் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: "தங்கராஜு, உந்தச் சவுக்காரத்தைப் பிள்ளைக்குப் போடாதை. துணிக்கு வைச்சுக்கொள். பிழை என்ர." தொழிலாளர் லயம் முழுக்கச் சிரிக்கிறது. இருபது வருஷமாக என் எழுத்தை நம்பியவர்கள் நாளை முதல் என்னிடம் ஒரு கடிதம்கூட எழுதித் தரச் சொல்ல மாட்டார்கள்.

இந்த மூன்றாவதை நான்கு முறை திருத்திவிட்டேன். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. ஆள்தான் நாற்காலியை விட்டு எழவில்லை.

5

மணி பத்தாகப் பத்து நிமிடம். லயத்துக்கு நடக்கவும் பத்து நிமிடம் ஆகும். இந்தக் கதையை நான் எழுதியதே அங்கே போகாமல் இருக்கத்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வாசகரே, முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. அவர்கள் வெந்நீர் விளாவுவதற்குள் நான் அங்கே இருக்க வேண்