மணல் சட்டியும் பேஸ்பால் மட்டையும்

மாவட்டப் போட்டிக்கு ஒன்பது பெண்களின் பெயரை மாரீஸ்வரி அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எட்டுப் பேர் தேறிவிட்டார்கள். மிச்சம் மம்சாபுரத்து சத்யப்பிரியா. நல்ல ஓட்டக்காரி. ஆனால் பேஸ்பால் மட்டையைப் பிடித்தால் விறகு பிளப்பதுபோல் ஓங்கிக் காற்றைத்தான் வெட்டினாள்.

“முதல்ல இடுப்பு திரும்பணும்ட்டி. பொறவுதான் கை வரணும். எம்புட்டுத் தடவ சொல்ல?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா வருது.”

கோச் ஆவதற்கு முன்னால் மாரீஸ்வரி சித்தாள் வேலை பார்த்தவள். மைதானத்து ஓரத்தில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சட்டியில் அள்ளி சத்யப்பிரியா கையில் கொடுத்தாள்.

“லீவுல உங்கம்மாகூட கான்கிரீட்டுக்குப் போவேல்ல? அங்க சட்டிய எப்படிக் கைமாத்துவ?”

சத்யப்பிரியா யோசிக்கவே இல்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, சட்டியைத் தள்ளினாள். அது மாரீஸ்வரியின் வயிற்றில் வந்து இடித்தது. பெண்கள் கெக்கலித்தார்கள்.

“இதேதான்ட்டி! சட்டிக்குப் பதிலா மட்டை, அம்புட்டுதான்!”

அடுத்த பந்து ‘டங்’ என்று பட்டு எல்லார் தலைக்கும் மேலே பறந்து மதில்சுவரில் மோதியது. சத்யப்பிரியா வாயைப் பிளந்து நின்றாள்.

“பாத்துட்டு நிக்காத, ஓடு!”

ஓடினாள், கையில் மட்டையோடு. ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் வந்ததும் கிரிக்கெட்டில் செய்வதுபோல் குனிந்து மட்டையைத் தரையில் தேய்த்தாள்.

“மட்டையக் கீழ போட்டுட்டுல்ல ஓடணும்! எதுக்குட்டி தூக்கிட்டு ஓடுன?”

“கீழ போட்டா எவளாச்சும் எடுத்துட்டுப் போயிருவாளேக்கா!”

மாரீஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமலே ஒன்பதாவது பெயரை எழுதினாள்.