விட்டத்தில் ஓர் இயற்பியல் வாத்தியார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். அக்குபங்சரும் சீன வைத்தியமும் கற்பிக்கும் ஒரு கல்லூரியில், இயற்பியல் வாத்தியார் புவியீர்ப்புப் பாடத்தை விட்டத்தை ஒட்டி மிதந்தபடியே நடத்தி வந்தார். மாணவர்கள் அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். கழுத்து சுளுக்கியவர்களுக்குப் பக்கத்து வகுப்பிலேயே ஊசி போட்டார்கள். அந்த வகையில் வசதிதான்.

ஊசி குத்தப் படிப்பவர்களுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்கக் கூடாது. அடிப்படை அறிவியலில் தேறாதவர் வைத்தியம் பார்க்க முடியாது என்பது சட்டம். அதில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தவர் முன்னாள் பஸ் கண்டக்டரம்மா. டிக்கெட் கிழித்துக் கை சலித்து, சொந்தமாக வைத்தியசாலை வைக்கும் ஆசையில் வேலையை விட்டவர். இன்னொரு தடவை தவறினால் பெயரையே அடித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் வேறு, "உன் பழைய யூனிஃபார்ம தேச்சு மடிச்சு வெச்சிருக்கேன், அவசரமில்ல" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இயற்பியல் வாத்தியார் இன்னும் தரையில் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் ஊசிப் பயிற்சி வகுப்புக்குள் சும்மா இருக்கமாட்டாமல் நுழைந்தார். உடம்பில் சக்தி ஓடுகிறதாம், அதற்குப் பாதை உண்டாம், வெட்டிப் பார்த்தால் மட்டும் காணோமாம் என்று சிரித்துவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கண்டக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"குத்துங்கம்மா. என்னதான் ஆகுதுன்னு பாத்துடலாம்."

முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒரு புள்ளி இருக்கிறது. அந்த நாலு விரல் குத்திக்கொள்பவருடையதாக இருக்க வேண்டும். குத்துபவருடையதாக இருக்கக் கூடாது. முதல் பாடமே அதுதான். கண்டக்டரம்மா பதற்றத்தில் தன் விரலையே வைத்து அளந்துவிட்டார். வாத்தியாரின் விரல் சாக்பீஸ், இவருடையது வாழைப்பழம். ஊசி எங்கேயோ போய் இறங்கியது. வாத்தியார் ஓர் ஏப்பம் விட்டுவிட்டு மேலே போனார்.

"ஐயோ சார், உருவிடுறேன், காலக் குடுங்க!"

"தொடாதீங்க! ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது வெறும் வாயு."

உருவியதும் இறங்கிவிட்டால், ஏற்றியது ஊசிதான் என்றாகிவிடுமே. ஊசி வாத்தியாரோ உடம்புப் படத்தை விரித்துத் தேடினார். குத்திய இடத்தில் புள்ளியே இல்லை. இல்லாத புள்ளி ஆளைத் தூக்கினால் படம் தப்பென்று ஆகிவிடும். ஆகவே அவரும், யாரும் மிதக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு துறைகளும் ஒத்துப்போனது இந்த ஒரே விஷயத்தில்தான். இயற்பியல் வாத்தியாரின் மனைவி வந்து அண்ணாந்து பார்த்தார். "நீங்க இறங்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். இருக்குறதுதான் இருக்கீங்க, அந்த ஒட்டடையாவது அடிங்க" என்று துடைப்பத்தை நீட்டிவிட்டுப் போனார். அடித்தார்.

தேர்வுக்கும் அவரே மேற்பார்வை. மேலிருந்து எல்லார் தாளும் தெரிந்ததால் அந்த வருடம் காப்பியடித்தவர் யாருமில்லை. முதல் கேள்வி: புவியீர்ப்பை எடுத்துக்காட்டுடன் விளக்குக. கண்டக்டரம்மா பேனாவை மென்றார். கண்டதை எழுதினால் வைத்தியசாலை போச்சு.

"என்னம்மா, அண்ணாந்து பாக்குறீங்க?"

"எடுத்துக்காட்டு தேடுறேன் சார்."

"கீழ தேடுங்க."

"நீங்க மேல இருக்கீங்களே சார்."

"நான் சிலபஸ்ல இருக்கேனா?"

இல்லைதான். கைதவறிய டம்ளர் தரையில் விழும், இதற்கு எவரும் விதிவிலக்கல்ல என்று கண்டக்டரம்மா எழுதினார். வாத்தியார் தாளை அந்தத் துடைப்பக் கம்பில் செருகி வாங்கிப் படித்து, கண் கலங்கி, முழு மதிப்பெண் போட்டார்.

வைத்தியசாலை திறந்தாயிற்று. அளவெடுப்பதில் கண்டக்டரம்மாவின் கை மட்டும் திருந்தவில்லை. ஊசி இறங்கியதும் பழக்கதோஷத்தில் "ரைட், போலாம்" என்பார். ஆள் மேலே போய்விடுவார். தலை இடிக்காமலிருக்கக் கூரையில் மெத்தை தைத்திருக்கிறது. போகிறவர் காலைப் பிடித்து இழுப்பது வீட்டுக்காரரின் வேலை. முழங்கால் வலி எல்லாருக்கும் தீர்ந்துவிடுகிறது, கால் தரையில் படாததால். கூட்டம் தாங்கவில்லை, யாரும் எதையும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் கல்லூரி முழுக்க முழுக்கத் தபால் வழிக் கல்லூரி. அதற்கு வகுப்பறையோ விட்டமோ ஒரு நாளும் இருந்ததில்லை.